ஸில்க் கீரையும் லவெண்டர் பூவும்

நுவரெலியாவுக்குச் சுற்றுலா போய்த் திரும்பும் கந்தளாய்க் குடும்பங்கள் அநேகமாக இரண்டு சாமான்களைக் கொண்டு வருகின்றன. ஒன்று, வழியில் கட்டுக் கட்டாக வாங்கிய மலைநாட்டு மரக்கறி. மற்றது, கறுப்புப் பொலித்தீன் பையில் நட்ட ஒரு லவெண்டர் கன்று. மரக்கறி அடுப்படிக்குப் போகிறது. பீட்ரூட்டின் இலையும் தண்டும் வெட்டப்பட்டு ஆட்டுக்கோ குப்பைக்கோ போகின்றன. லவெண்டர் கன்றோ முற்றத்தில் நல்ல மாட்டெருப் போட்டு நடப்படுகிறது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றிக் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆறு வாரத்தில் அது பட்டுப்போகிறது.

"மௌலவி, ஊத்தாத தண்ணியில்ல, போடாத பசளையில்ல. அப்ப என்னதான் குறை?" என்று கேட்கிறார்கள். ஊற்றிய தண்ணீரும் போட்ட பசளையும்தான் குறை. அதே தண்ணீரையும் அதே எருவையும், வெட்டி எறிந்த அந்தக் கீரையின் விதைக்குக் கொடுத்திருந்தால் இரண்டு மாதத்தில் சட்டி நிறைந்திருக்கும்.

கீரை என்று நான் சொல்வது பீட்ரூட்டின் உடன்பிறப்பான சார்ட் கீரையை. ஆங்கிலேயர் இதைச் 'சுவிஸ் சார்ட்' என்பார்கள். பெயரில்தான் சுவிட்சர்லாந்து இருக்கிறதே தவிர, செடியின் பூர்வீகம் மத்தியதரைக் கடலோரம். அங்கே உப்புக் காற்றில் தானாக முளைக்கும் காட்டுச் செடி ஒன்றிலிருந்துதான் சார்ட் கீரையும், பீட்ரூட்டும், ஐரோப்பாவில் சீனி எடுக்கும் சீனிக் கிழங்கும் உண்டாயின. தாவரவியலார் இம்மூன்றையும் ஒரே இனமாகவே கணக்கிடுகிறார்கள். (நம் கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலை கரும்பை நம்பியது. ஐரோப்பியனின் தேத்தண்ணிக்கு இனிப்பு இந்தக் கீரையின் தங்கையிடமிருந்து வருகிறது.) பீட்ரூட் கிழங்குக்காக வளர்க்கப்பட்டது, சார்ட் இலைக்கும் தண்டுக்குமாக வளர்க்கப்பட்டது; வித்தியாசம் அவ்வளவுதான்.

அரபியில் இதற்கு 'ஸில்க்' என்று பெயர். பட்டுத்துணியை நினைத்துவிடாதீர்கள், அது வேறு மொழி. ஹதீஸ் கிதாபுகளைப் படித்தவர்களுக்கு இந்த ஸில்க் புதிய பெயரல்ல.

மதீனாவின் வாய்க்கால் கரை

ஸஹ்ல் இப்னு ஸஃத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி ஸஹீஹுல் புகாரியில் பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. மதீனாவில் ஒரு மூதாட்டி இருந்தார். தம் தோட்டத்துக்குத் தண்ணீர் பாயும் சிறு வாய்க்கால்களின் கரையில் அவர் ஸில்க் பயிரிடுவார். வெள்ளிக்கிழமையானால் அதை வேரோடு பிடுங்கிச் சட்டியில் போட்டு, அரைத்த வாற்கோதுமையில் ஒரு கைப்பிடி சேர்த்து ஆக்கிவைப்பார். இறைச்சியோ கொழுப்போ அதில் கிடையாது. கீரையின் கிழங்கே இறைச்சித் துண்டின் இடத்தில் இருந்தது. ஜும்ஆ முடிந்து வரும் ஸஹாபாக்கள் அந்த மூதாட்டிக்கு ஸலாம் சொல்லிவிட்டு அதை உண்பார்கள். அந்தச் சாப்பாட்டுக்காகவே வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று தாங்கள் காத்திருந்ததாக ஸஹ்ல் (ரலி) அவர்கள் நினைவுகூருகிறார்கள்.

இந்த ஹதீஸை ஜும்ஆவின் சிறப்பு, ஸலாமின் சிறப்பு, விருந்தோம்பல் என்று பல தலைப்புகளில் ஆலிம்கள் விளக்குவார்கள். அரபுக் கல்லூரியில் ஓதும்போது நாங்களும் அப்படித்தான் ஓதினோம். தோட்டக்காரக் கண்ணோடு பார்த்தால் இன்னொரு விசயமும் அதில் தெரியும். அந்த அம்மையார் கீரையை எங்கே நட்டார்? வாய்க்கால் கரையில். ஸில்க்கின் குணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. வேர் எப்போதும் ஈரத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஆனால் தண்ணீரில் அமிழ்ந்து கிடக்கக் கூடாது.

இரண்டாவது செய்தி உம்முல் முன்திர் (ரலி) அவர்களுடையது. அபூதாவூத், திர்மிதி ஆகிய கிதாபுகளில் வருகிறது. அலி (ரலி) அவர்கள் நோயிலிருந்து தேறி, இன்னும் பலம் திரும்பாத நேரம். நபி (ஸல்) அவர்களோடு அந்த வீட்டுக்கு வந்தார்கள். தொங்கவிட்டிருந்த பேரீச்சங்குலையிலிருந்து நபியவர்கள் உண்டார்கள். அலி (ரலி) அவர்களும் கைவைத்தபோது, இப்போதுதானே தேறிவருகிறீர் என்று தடுத்துவிட்டார்கள். அதற்குள் உம்முல் முன்திர் (ரலி) ஸில்க்கும் வாற்கோதுமையும் சேர்த்துச் சமைத்துக் கொண்டுவர, இது உமக்குப் பொருத்தமானது என்ற கருத்தில் நபியவர்கள் அதை அலி (ரலி) அவர்களுக்குக் காட்டினார்கள்.

இதை வைத்துக்கொண்டு 'சகல நோய்க்கும் ஸில்க் கீரை' என்று எழுதிக் கைத்தொலைபேசியில் அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள். ஹதீஸில் அப்படி இல்லை. தேறிவரும் ஒருவருக்கு இனிப்பும் சூடுமான உணவைவிட, மென்மையாக வெந்த கீரையும் தானியமும் நல்லது என்பதே அங்கே இருப்பது. சிலருக்கு இந்தக் கீரை ஆகவே ஆகாது; அதைப் பின்னால் சொல்கிறேன்.

கந்தளாய் மண்ணில் எப்படி?

நமக்கு வாய்க்காலுக்குப் பஞ்சமில்லை. 7ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டியதாக வரலாறு சொல்லும் குளத்தின் தண்ணீர் இன்றும் வயல்களுக்குப் பாய்ந்துகொண்டிருக்கிறது. பஞ்சம் குளிருக்குத்தான். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும் காலத்தில் பகல் வெப்பம் 33, 34 பாகையைத் தாண்டுகிறது. சார்ட் கீரை குளிர் விரும்பும் செடி. ஆனாலும் பிடிவாதக்காரி அல்ல. ஐரோப்பியரின் ஸ்பினச் கீரையைவிட வெயிலை நன்றாகத் தாங்கும். ஆகவே காலத்தைப் பார்த்து விதைத்தால் போதும். மாரி மழையின் கொட்டு ஓய்ந்து வரும் மார்கழிக் கடைசியிலோ தை மாதத்திலோ விதைத்தால் பங்குனி, சித்திரை வரை பறிக்கலாம். அதற்குப் பிறகும் வைத்திருக்க ஆசையென்றால், பின்னேர வெயில் படாமல் முருங்கை மரத்தின் அரைநிழலில் வைத்து, வேரடியில் வைக்கோல் பரப்பி, இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

விதையைக் கையில் எடுத்தால் கரடுமுரடாகக் கட்டி போலிருக்கும். அது ஒரு விதையல்ல, இரண்டு மூன்று விதைகள் ஒட்டிய கொத்து. இராவெல்லாம் தண்ணீரில் ஊறப்போட்டு, அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாற்று முளைக்கும். கண்கலங்காமல் வலுவான ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளியதை வீசாதீர்கள், அதுவும் கீரைதான். செடிக்குச் செடி ஓர் அடி இடைவெளி. மக்கிய மாட்டெரு தாராளமாக. நம்முடைய செங்கபில மண் காய்ந்தால் கல்லாக இறுகும். எருவும் உமியும் கலந்து இளக்கினால்தான் வேர் இறங்கும். ஐம்பது, அறுபது நாளில் பறிக்கத் தொடங்கலாம். வெளி இலைகளை மட்டும் அடியோடு ஒடித்து, நடுக்குருத்தை விட்டுவைத்தால் ஒரே செடி மாதக் கணக்கில் தந்துகொண்டிருக்கும். இலையில் சாம்பல் நிறப் புள்ளி, ஓரத்தில் செங்கபில வளையம் தெரிந்தால் அது பங்கசு நோய். அந்த இலைகளைப் பறித்து எரித்துவிட்டு, இலைமேல் படாமல் வேரடியில் தண்ணீர் ஊற்றுங்கள்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துச் சகோதரிகளுக்கு ஒரு நற்செய்தி. கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பானாலும் இந்தக் கீரை முகம் சுளிக்காது. கடலோரத்துப் பரம்பரை அல்லவா!

ஒரு சங்கடம் உண்டு. குளிர்காலம் ஒன்றைக் கடந்தால்தான் இச்செடி பூத்து விதை கட்டும். கந்தளாயில் அந்தக் குளிர் கிடையாது. எனவே பசளியைப் போல விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு முறையும் வாங்கத்தான் வேண்டும். சார்ட் விதை நம் கடைகளில் லேசில் கிடைப்பதில்லை. பீட்ரூட் விதை கிடைக்கிறது. அதையே நெருக்கமாகத் தூவி இலைக்காக வளர்த்தால் வேலை முடிந்தது. அதுவும் இல்லையென்றால் சந்தையில் மரக்கறிக்காரரிடம் பீட்ரூட்டை இலையோடு கேட்டு வாங்குங்கள். வாடாத இலையாகப் பார்த்து, மூன்று தண்ணீரில் கழுவிச் சமைத்தால் அதே ருசிதான். 2022ஆம் ஆண்டு நெருக்கடிக் காலத்தில், வீட்டுத் தோட்டம் செய்யட்டும் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையே கொடுத்தார்கள். அந்த நாட்களிலும் பீட்ரூட் இலை பல வீடுகளில் குப்பைக்குத்தான் போனது என்பதை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

சட்டியிலும் உடம்பிலும்

தண்டையும் இலையையும் வேறாக்கி நறுக்கிக்கொள்ளுங்கள். தண்டு வேக நேரமெடுக்கும். அதை ஐந்து நிமிடம் முந்திப் போட வேண்டும். மூடாமல் அவித்து, அந்த முதல் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். பிறகு வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டலாக்கலாம்; மைசூர்ப் பருப்போடு சேர்த்துப் பாலூற்றி ஆணம் காய்ச்சலாம். லெபனான், சிரியா மக்கள் பருப்பும் இந்தக் கீரையும் எலுமிச்சம் புளியும் சேர்த்துக் காய்ச்சுவது நம் ஆணத்துக்குச் சொந்தம் மாதிரித்தான் இருக்கும். ஈராக்கியர் இதன் அகன்ற இலையில் அரிசியும் இறைச்சியும் பொதிந்து 'தோல்மா' செய்வார்கள். வளைகுடா நாடுகளில் வீட்டுவேலை செய்து திரும்பிய நம் சகோதரிகள் பலர் இதைத் தம் கையாலேயே சுற்றியிருப்பார்கள். நோன்புக் கஞ்சியில் அரிசியோடு ஒரு பிடி பார்லியும், இறக்குமுன் நறுக்கிய கீரையும் போட்டுப் பாருங்கள். பிள்ளைகள் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள்.

100 கிராம் அவித்த சார்ட் கீரையில் சுமார் 20 கலோரிதான். இரும்புச்சத்து 2 மில்லிகிராமுக்குச் சற்று மேல், மக்னீசியம் சுமார் 85 மில்லிகிராம், பொட்டாசியம் சுமார் 550 மில்லிகிராம். இவற்றோடு விற்றமின் ஏ, கே இரண்டும் தாராளம். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 27 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்கிறார்கள் போசாக்கு நிபுணர்கள். கணக்குப் பார்த்தால் தெரியும், கீரையை மட்டும் நம்பி கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையை நிறுத்துவது தாய்க்கும் பிள்ளைக்கும் செய்யும் அநியாயம். குளிசையும் வேண்டும், கீரையும் வேண்டும். கீரையிலுள்ள இரும்பு உடம்பில் சேரத் தேசிக்காய்ப் புளி உதவும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேத்தண்ணி அதைத் தடுத்துவிடும். நம் வீடுகளில் சோற்றுக்கோப்பை கழுவுமுன் தேத்தண்ணிக் கோப்பை வந்துவிடுகிறது. ஒரு மணி நேரமாவது பொறுத்துக் குடியுங்கள்.

இனி, ஆகாதவர்கள். சார்ட் கீரையில் ஒக்சலேட் என்ற பொருள் அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் விலகியிருக்க வேண்டும். முதல் தண்ணீரை ஊற்றச் சொன்னது அதைக் குறைக்கத்தான், ஆனால் முழுவதும் போய்விடாது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு இதிலுள்ள பொட்டாசியமும் ஆபத்து. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1990களில் வட மத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, இன்னும் காரணம் தெளிவாகாத அந்த நாட்பட்ட சிறுநீரக நோய் நம் திருகோணமலை மாவட்டத்தில் பதவி ஸ்ரீபுரப் பகுதியையும் பாதித்திருக்கிறது. வாப்பாவுக்கோ மாமாவுக்கோ இந்த நோய் இருந்தால், "ஹதீஸில் வந்த கீரைதானே" என்று பரிமாறிவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். பேரீச்சம்பழம் சுன்னத்தான உணவுதான். ஆனாலும் அலி (ரலி) அவர்களின் உடல்நிலையைப் பார்த்து நபியவர்கள் அதைத் தடுத்தார்கள் அல்லவா! இதய வால்வு சத்திரசிகிச்சைக்குப் பின் வார்ஃபரின் குளிசை குடிப்பவர்களும் விற்றமின் கே மிகுந்த இக்கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது.

சிவப்புத் தண்டுக் கீரையோ பீட்ரூட்டோ சாப்பிட்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீர் சிவந்து போகும். கீரையின் சாயம்தான் அது, பயப்படத் தேவையில்லை.

குஸாமா என்னும் மலைக்குமரி

லவெண்டருக்கு அரபியில் 'குஸாமா'. மழைக்குப்பின் பாலைவனத்தில் பூக்கும் வேறு சில ஊதாப் பூக்களையும் அரபிகள் இப்பெயரால் அழைப்பார்கள். சவூதி அரேபியா 2021இல் அரச வரவேற்புகளுக்கு விரிக்கும் சிவப்புக் கம்பளத்தை மாற்றி, இந்த ஊதா நிறக் கம்பளத்தை விரிக்கத் தொடங்கியது. அங்கே கடைகளில் உலர்ந்த குஸாமாப் பூவை நிறுத்து விற்பார்கள். வெந்நீரில் போட்டுக் குடிக்கும் வழக்கமும் உண்டு. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வகைக்கு யூனானி வைத்தியத்தில் 'உஸ்துகுத்தூஸ்' என்று பெயர். தலைவலிக்கும் தடிமனுக்கும் கொடுக்கும் இத்ரீஃபல் லேகியம் ஒன்று இதன் பெயரிலேயே உண்டு. மூளையைப் பெருக்கித் துடைக்கும் துடைப்பம் என்று பழைய ஹகீம்கள் இதைப் புகழ்ந்தார்கள்.

செடியின் தேவைகளைப் பாருங்கள். சார்ட் கீரைக்கு ஒவ்வொன்றிலும் நேர் எதிர். கீரைக்கு எரு வேண்டும். லவெண்டருக்கு எருப் போட்டால் தண்டு நீண்டு சரிந்துவிழும், மணமும் குறையும். கீரைக்கு ஈரம், லவெண்டருக்குக் கல்லும் மணலும் சுண்ணாம்பும் கலந்த, தண்ணீர் நில்லாத சரிவு. கீரை அரைநிழலைப் பொறுக்கும். லவெண்டருக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் விழ வேண்டும். வெயில்தானே, நமக்கென்ன குறை என்று கேட்பீர்கள். வெயில் மட்டும் போதாது. பிரான்சின் தெற்கு மலைகளில் இதற்குக் குளிரும் பனியும் சேர்ந்த மாரி, வறண்ட கோடை, ஈரமில்லாத காற்று மூன்றும் கிடைக்கின்றன. நமக்கோ ஐப்பசி முதல் தை வரை ஓயாத மழை, எப்போதும் புழுக்கம், குளிராத இரவு. அந்த மழையில் வேர் அழுகுகிறது. ஆறு வாரத்தில் செடி பட்டுப்போவதன் இரகசியம் இதுதான்.

விதை போட்டால் முளைக்கவே வாரக் கணக்கு. சில விதைகளைக் குளிரில் வைத்து எடுத்தால்தான் முளைக்கும். ஆகையால் பூக்காத தண்டில் மூன்று நான்கு அங்குலம் வெட்டிப் பதியம் வைப்பதே வழக்கம். நல்ல பூவுக்கு இரண்டு மூன்று வருடம் பொறுக்க வேண்டும். அதன்பின் பத்துப் பதினைந்து வருடம் நின்று பூக்கும் என்பது அதன் பெருமை.

ஆசை விடவில்லையா? மண் தொட்டி ஒன்றை எடுத்து, அடியில் ஓட்டைகளைப் பெரிதாக்கி, பாதிக்குப் பாதி ஆற்று மணலும் கொஞ்சம் நொறுக்கிய சிப்பியும் கலந்து நடுங்கள். விரலை விட்டுப் பார்த்து மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். மாரி தொடங்குமுன் தொட்டியைத் தாழ்வாரத்துக்குள், காற்றோடும் இடத்துக்கு இழுத்துவிடுங்கள். இலை ஓரம் பல் பல்லாக இருக்கும் பிரெஞ்சு வகை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். உயிர் பிழைக்கலாம், பூவுக்கு நான் உத்தரவாதம் இல்லை.

காஷ்மீரத்தின் ஊதா வயல்கள்

கைத்தொலைபேசியில் காஷ்மீரின் ஊதா வயல்களைப் பார்த்துவிட்டு, "நாமும் அரை ஏக்கர் போட்டால் என்ன?" என்று கேட்டவர்களும் உண்டு. படங்கள் பொய்யல்ல. ஜம்மு காஷ்மீரின் தோடா மாவட்டத்தில் பதர்வா என்றொரு பள்ளத்தாக்கு. அங்கே சோளம் விதைத்துக் கைநட்டப்பட்ட சிறு விவசாயிகளுக்கு, ஜம்முவிலுள்ள அரசின் ஆராய்ச்சி நிறுவனம் 'அரோமா மிஷன்' திட்டத்தின் கீழ் லவெண்டர் நாற்றுகளைக் கொடுத்தது. பூவை வடித்து எண்ணெய் எடுக்கும் இயந்திரங்களையும் ஊருக்கருகில் அமைத்தது. புல்வாமா மாவட்டத்தின் போனேராவிலும் அந்நிறுவனத்துக்குப் பண்ணை இருக்கிறது. 'ஊதாப் புரட்சி' என்று பெயரிட்டு, 2022இல் பதர்வாவில் லவெண்டர் திருவிழாவே நடத்தினார்கள். நூறு கிலோ பூ வடித்தால் ஏறத்தாழ ஒரு கிலோ எண்ணெய்தான் இறங்கும். ஆனாலும் ஒரு லீற்றருக்குப் பத்தாயிரம் இந்திய ரூபா அளவில் விலைபோவதாகச் சொல்கிறார்கள்.

ஆனால் பதர்வா 5,000 அடிக்கு மேலே இருக்கிறது. மாரியில் பனி மூடும் நிலம். நாற்று கொடுக்கவும், எண்ணெய் வடிக்கவும், வாங்குகிறவரைத் தேடித்தரவும் ஒரு நிறுவனம் பின்னால் நிற்கிறது. நமக்கோ கடல்மட்டத்துக்குச் சற்று மேலான சமதரை, களிமண் வயல். இங்கே அரை ஏக்கரில் லவெண்டர் என்பது, பேராற்று வயலில் தேயிலை நடுவது போன்ற காரியம். நகையை ஈடுவைத்து யாரும் இதில் இறங்கிவிடாதீர்கள்.

போத்தலில் இருப்பது என்ன?

லவெண்டர் பூவின் நல்ல பயன் மணம்தான். உலர்ந்த பூவைச் சிறு துணிப்பையில் கட்டி அலுமாரியில் வைத்தால் உடுப்பில் பூச்சி அண்டாது, பழைய வாடை போகும். நல்ல எண்ணெயில் இரண்டொரு துளி தலையணையில் விட்டால் சிலருக்கு மனம் அமைதிப்பட்டுத் தூக்கம் வரும். ஜெர்மனியில் மருந்துத் தரத்தில் தயாரித்து, மனப்பதற்றத்துக்குக் குளிசையாகவே கொடுக்கிறார்கள். அது அளந்து செய்த மருந்து. கடைப் போத்தலின் எண்ணெயை அப்படி உள்ளுக்குக் குடிக்கக் கூடாது. சிறு பிள்ளை ஒரு மிடறு விழுங்கினாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிவரும்; கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். தோலில் பூசுவதென்றால் தேங்காயெண்ணெயில் கலந்துதான். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் பாவிக்க வேண்டாம்.

தரை கழுவும் திரவம், சவர்க்காரம், பவுடர் என்று 'லவெண்டர்' பெயர் போட்டு வருகிறதே, அவற்றில் பெரும்பாலானவை பூவையே கண்டிராதவை. ஆலையில் செய்த மணப்பொருளும் ஊதாச் சாயமும் சேர்ந்த கலவை. தரை சுத்தமாவது அதிலுள்ள சவர்க்காரத்தால்; மணம் சும்மா. அதற்கென்று கூடுதல் விலை கொடுப்பது உங்கள் இஷ்டம்.

கசகசாவை ஊன்றிப் பாருங்கள்

லவெண்டர் மணத்தில் முக்கியமான பொருளுக்கு 'லினலூல்' என்று பெயர். அதே பொருள் நம் சமையலறை டப்பாவுக்குள்ளிருக்கும் ஒரு விதையின் செடியிலும் இருக்கிறது. நோன்பு காலத்தில் பலூடாவிலும் சர்பத்திலும் போடுகிறோமே கசகசா, அதன் செடிதான் அது. (தமிழ்நாட்டில் கசகசா என்றால் அபினிச் செடியின் விதை, நம் நாட்டுக் கசகசா முற்றிலும் வேறு.) தமிழில் திருநீற்றுப்பச்சை, அரபு நாடுகளில் ரைஹான். அர்ரஹ்மான், அல்வாகிஆ ஆகிய இரு சூராக்களில் ரைஹான் என்ற சொல் வருகிறது. மணமுள்ள செடிகள் அனைத்தையும் குறிக்கும் சொல் அது என்று முஃபஸ்ஸிர்கள் விளக்கினாலும், இன்று பேச்சு வழக்கில் இச்செடிக்கே அப்பெயர் நிலைத்துவிட்டது. யாராவது ரைஹான் கொடுத்தால் மறுக்க வேண்டாம், சுமக்க இலேசானது, மணமானது என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸும் உண்டு.

இந்தச் செடிக்குக் குளிர் தேவையில்லை, வெயிலே பிடிக்கும். கந்தளாய் அதற்குப் பிறந்த வீடு போல. தாராளமாக மணம் வீசும். பலூடாவுக்கு வாங்கிய பக்கற்றிலிருந்தே ஒரு சிட்டிகை விதையை எடுத்து, மாரி ஓய்ந்தபின் மண்ணின்மேல் தூவி, மேலே மெல்லிசாக மண் தூற்றுங்கள். விதை மிகப் பழையதாக இல்லாவிட்டால் பத்து நாளுக்குள் முளைக்கும். கீரைப் பாத்தியின் ஓரத்தில் வெயில் விழும் பக்கமாக வையுங்கள்; கீரைக்கு ஊற்றும் தண்ணீரில் மிச்சமே இதற்குப் போதும். ஓர் அடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடித்துப் புதராகும். பூக்குமுன் தண்டோடு வெட்டி, நிழலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு உலர்த்தி, அந்தத் துணிப்பையில் போட்டு அலுமாரிக்குள் வையுங்கள். மணம் லவெண்டர் மாதிரி நீண்டகாலம் நிற்காது; இரண்டு மாதத்துக்கொருமுறை மாற்றுங்கள். ஒன்றிரண்டு செடியை வெட்டாமல் பூக்க விட்டுவிடுங்கள். கதிர் காய்ந்து கபில நிறமானதும் உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினால் கறுத்த விதை மிஞ்சும். வருகிற நோன்புக்குக் கசகசா கடையில் வாங்கத் தேவையில்லை.